தேய்த்தே தோற்றவள்

மாமியார் தன் வெள்ளிச் சாமான்களை இரண்டு மருமகள்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தாள். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு பூச்சாடி, ஆறு கிண்ணம்.

"ஒரு வருஷம் வச்சுக்கோங்க. எவ நல்லாப் பாத்துக்கிறாளோ, மொத்தமும் அவளுக்கு."

மூத்தவள் அன்றைக்கே களத்தில் இறங்கினாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் யாரும் அவளைக் கெட்டிக்காரி என்று வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. மொத்த வெள்ளியும் தன் கூடத்துக்கு வந்துவிட்டால் எல்லார் வாயும் அடைபடும் என்று கணக்குப் போட்டாள். கண்ணாடி அலமாரி வந்தது. உள்ளே நீல வெல்வெட் விரித்து, மேலே இரண்டு பல்பு மாட்டினாள். வருகிறவர்களுக்கு வாசலிலேயே கண் கூச வேண்டும்.

பிறகு தேய்ப்பு தொடங்கியது. காலையில் பற்பசை, மதியம் சோடா மாவு, சாயங்காலம் கணவனின் பழைய பனியன். நாலே மாதத்தில் புதுப் பனியன்களும் பழசாகிவிட்டன.

"நான் போட்டுக்க ஒண்ணாவது மிச்சம் வையேன்" என்றான் அவன்.

"மேல சட்டை போடுறீங்கல்ல? உள்ள எவன் வந்து பாக்கப் போறான்?"

இளையவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். தன் பங்கை வேட்டித்துணியில் சுற்றி, ஈரம் இழுக்க இரண்டு சாக்பீஸைப் போட்டு, பையில் முடிந்து பீரோ மேல் வைத்தாள். வைத்ததை மறந்தும் போனாள். மூத்தவள் போனில் நோட்டம் விட்டாள்.

"உன் வெள்ளி எப்படிம்மா இருக்கு?"

"தூங்குதுக்கா."

"தேய்க்கவே இல்லையா?"

"தேய்க்கிற அளவுக்கு அது என்னக்கா தப்பு பண்ணுச்சு?"

மூத்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று இன்னொரு சுற்று தேய்த்தாள்.

வருடம் முடிந்தது. மாமியார் வீட்டு மேசையில் இரண்டு பங்கையும் பரப்பினார்கள். இளையவளுடையது லேசாக மஞ்சள் பூத்திருந்தது. மூத்தவளுடையது வெயிலில் வைத்த கண்ணாடி. மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பளபளத்த தட்டின் விளிம்பை விரலால் தடவினாள். மறுபடி தடவினாள்.

"கொடி எங்கடி?"

"எந்தக் கொடி அத்தை?"

"தட்டச் சுத்தி ஓடுச்சே, இலையும் மொட்டுமா?"

இளையவளின் தட்டில் கொடி ஓடியது. இலை நரம்புகளில் படிந்த கறுப்புகூட அப்படியே இருந்தது. மூத்தவளின் தட்டு சவரம் செய்த தாடை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

"அழுக்கு போகணும்னுதான் தேய்ச்சேன் அத்தை."

"அழுக்கோட தட்டும்ல போயிருக்கு! இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நடுவுல ஓட்டை போட்டு எட்டிப் பாத்திருப்ப."

இளையவள் முந்தானையை வாயில் வைத்து இருமினாள். அது இருமல் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போ" என்றாள் மாமியார் இளையவளிடம்.

"ஐயோ, ஆள விடுங்க அத்தை. பீரோ மேல சூட்கேஸ் வைக்கவே எனக்கு இடமில்ல. அக்காகிட்ட அலமாரி இருக்கு, லைட்டு இருக்கு. அவங்களுக்கே குடுத்துடுங்க."

தோற்றதைவிட இந்தத் தானம்தான் மூத்தவளுக்குச் சுரீரென்று உறைத்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மாமியாரே கூட வந்தாள். எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கினாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள்.

"பாக்கலாம். தொடக் கூடாது."

வெள்ளி மஞ்சளானது. மஞ்சள் பழுப்பானது. பழுப்பு கறுப்பானது. மூத்தவள் தினமும் அதன் முன்னால் நின்று கையைப் பிசைந்தாள். தேய்க்க வேறு எதுவும் இல்லாததால் அலமாரிக் கண்ணாடியைத் தேய்த்தாள். தெருவிலேயே சுத்தமான கண்ணாடி அதுதான். அதனால் உள்ளே இருந்த கறுப்பு ஒரு புள்ளி விடாமல் தெரிந்தது.

ஒரு நாள் கணவனின் மேலதிகாரியுடைய மனைவி வந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, இரும்பா?"

வெள்ளி என்றால், ஏன் இந்தக் கதியில் வைத்திருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும்.

"ஆமாங்க, இரும்புதான்" என்றாள் மூத்தவள். "உக்காருங்க, காப்பி கொண்டு வரேன்."