தானாக உதைத்த கால்

முப்பத்தாறு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்து, பொய்களை மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளியவன் நான். என் பென்சில் வாயடைத்து நின்றது ஒரே ஒரு நாள்தான்.

கண்ணாடிக் கடை அக்காவின் வழக்கு அது. அக்காவும் தம்பியும் யானை முகம் பார்க்கும் அளவுக்கு ஒரு கண்ணாடியைப் பல் டாக்டரின் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அந்தத் தொழிலில் முன்னால் போகிறவர்தான் கண். பின்னால் பிடிப்பவர் வெறும் தோள். முன்னவர் "இறக்கு" என்றால்தான் இறக்கலாம். அன்று முன்னால் போனது அக்கா. டாக்டரின் வரவேற்பறைக்குள் நுழைந்ததும் அவள் கெண்டைக்கால் சுண்டி இழுத்து, காற்றை ஓர் உதை உதைத்தது. தூக்கி வந்த கண்ணாடி அங்கிருந்த மீன்தொட்டி மேல் சாய்ந்து, தொட்டி உடைந்தது. பிரளயம்! நோயாளிகள் பல்வலியை மறந்து நாற்காலி மேல் ஏறினார்கள். வாய் கொப்பளிக்கும் டம்ளர்களில் டாக்டர் மீன்களை அள்ளினார். மீன் ஏழுதான், நான் சொல்லும்போது எழுபதாகிவிடும், கண்டுகொள்ளாதீர்கள்.

டாக்டர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். தோற்றால் இனி யார் நம்மைக் கண்ணாடியோடு வீட்டுக்குள் விடுவார்கள் என்று தம்பி பாதியாய் இளைத்துவிட்டான்.

அக்காவின் வக்கீல் சூரர். "கனம் கோர்ட்டார் அவர்களே, மனசு சொல்லிக் கால் அசைஞ்சாத்தான் அது செயல். இது தானா உதைச்ச கால். காத்துல கிளை முறிஞ்சா மரத்து மேலயா கேஸ் போடுவோம்?" என்றார். டாக்டரின் வக்கீலே தலையாட்டிவிட்டார்.

கூண்டில் நின்ற அக்காவிடம் நீதிபதி சாதாரணமாகக் கேட்டார்: "கால் இழுக்கப்போறது முன்னாடியே தெரியுமாம்மா?"

'தெரியாது' என்ற ஒரு சொல் போதும், வழக்கு முடிந்தது.

"தெரியும் ஐயா. பாதிப் படியிலயே ஒரு தடவை சுண்டுச்சு. 'இறக்கு'ன்னு சொல்லியிருக்கணும்."

"அக்கா, வாயை மூடு!" தம்பி பின் பெஞ்சிலிருந்து அலறினான்.

"நீ சும்மா இருடா. பதினோரு வருஷமா நடுவழியில இறக்கினதே இல்லைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டவ நான். அந்த வீறாப்புல சொல்லலை. உதைச்சது காலுங்க ஐயா. சொல்லாம மேல ஏறினது நான்."

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் மூன்று தெரு தாண்டிக் கேட்டிருக்கும். நான் எழுதுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டப் புத்தகங்கள் நாற்பது பக்கம் மூச்சுவாங்கிச் சொல்வதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாளே! நீதிபதியும் அதையேதான் தீர்ப்பாக எழுதினார். டாக்டர் ஜெயித்தார்.

வராந்தாவில் டாக்டர் அவர்களிடம் வந்தார். "தொட்டிக்குப் புதுக் கண்ணாடி போடணுமே. எப்ப வர்றீங்க?"

"ஜெயிச்சுட்டு நக்கலும் பண்றாருக்கா" என்றான் தம்பி.

"நக்கல் இல்லப்பா. வேற யாரையாவது கூப்பிட்டா, கால் சுண்டினதை எங்கிட்ட சொல்லவா போறாங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "திங்கக்கிழமை வர்றோம். ஆனா படியில ரெண்டு தடவை இறக்குவோம். அவசரப்படுத்தக் கூடாது."

"நாலு தடவை இறக்குங்கம்மா" என்றார் டாக்டர். "வழியில உக்கார நாற்காலியே போட்டு வைக்கிறேன்."