படத்துக்குக் கண் திறந்த நாள்

நாள் முழுதும் ஏணிமேல் நின்று மதிலெழுத்து எழுதிய உக்கிரபாண்டிக்குத் தோள்மூட்டு இரண்டும் உலையிலிட்ட இரும்பெனக் கனன்றன. மேற்கு மலைமீது கதிரவன் குருதி வடித்துச் சாய, இராசபாளையத்து ஆலைகளின் புகைபோக்கிகள் தெருவெங்கும் கருநிழல் நீட்டிய அவ்வந்தியில், எண்பத்தேழாம் ஆண்டுப் புரட்டாசியில், நூற்பாலை உரிமையாளர் சௌந்தரபாண்டியன் அவனை அழைத்துப் பழம்படம் ஒன்றைக் காட்டினார். திருவில்லிபுத்தூரில் பழைய மாளிகையொன்றின் தட்டுமுட்டுகளோடு விலைக்கு வந்த, நூறாண்டு கடந்த நெய்வண்ண ஓவியம் அது. பொன்னிழை தைத்த நீலச்சட்டையும் இடைவாளுமாய், பின்னே கடல் பொங்க, வெள்ளைக் கப்பற்படைத் தலைவன் ஒருவன் அதில் நின்றான்.

“இந்த மூஞ்சிய அழிச்சிட்டு எங்க பாட்டையா மூஞ்சிய வையி. ஆயுதபூசைக்குத் தெறக்கணும். கடல்ல கப்பல் விட்டவருன்னு ஊரு பேசட்டும்.”

“அவுக கண்மாயில பரிசல் விட்டதாக்கூடக் கேள்வியில்லையே, மொதலாளி.”

“ஏலே, ஒன்னைய வரையக் கூப்பிட்டனா, வாயடிக்கக் கூப்பிட்டனா?”

பயில்வோரே, மூன்றாண்டுகட்கு முன் உக்கிரபாண்டியின் தம்பி ராக்கப்பனை அவ்வாலையின் பஞ்சுப்பொறி இழுத்துக் கொன்றது. உடலைச் சாலையோரம் கிடத்தி, குடித்து வீழ்ந்தான் என்று காவலரிடம் சாதித்தவர் இவரே. உடலைக் கழுவிய தமையனோ, புண்ணெங்கும் பஞ்சிழை ஒட்டியிருக்கக் கண்டான். ராக்கப்பனின் கைம்பெண் சீனியம்மாள், குடிகாரன் மனைவி என்னும் பெயரைச் சுமந்தபடி, அங்கேயே கழிவுப்பஞ்சு கூட்டினாள்.

வேலை பாதியில் இருக்கையில் படம் பார்க்க வந்த முதலாளியை உக்கிரபாண்டி வாயிலிலேயே மறித்தான். “கண்ணு தெறக்காத படத்த வீட்டு ஆளு பார்த்தாக் குடும்பத்துக்கு ஆகாது. பொறவு எம்மேல வருத்தப்படக் கூடாது.” பிணத்துக்கு அஞ்சாதவர் அச்சொல்லுக்கு அஞ்சித் திரும்பினார்.

பூசைநாளில் திரைக்குள் நுழைந்து கருவிழி இரண்டும் தீட்டி வெளிவந்தான் உக்கிரபாண்டி. திரை வீழ்ந்தது. பாட்டனை நினைந்து கண்மூடிய சௌந்தரபாண்டியன், வேரறுத்த பனைபோல் நெடுஞ்சாண்கிடையாய் வீழ்ந்து வணங்கினார். நீலச்சட்டையும் வாளும் தாங்கி, இடப்புருவத்துத் தழும்போடு, அவரைக் குனிந்து நோக்கினான் ராக்கப்பன்.

முந்நூறு தொழிலாளர் நடுவிலிருந்து சீனியம்மாள் முன்வந்தாள். “மொதலாளி, செத்த நேரம் அப்பிடியே கெடங்க. அவிய நல்லாப் பார்க்கட்டும்.”

திடுக்கிட்டு எழுந்தவர் படத்தைக் கண்டு வெளிறி, “கிழிங்கலே அத!” என்று கதறினார். ஒரு கையும் நீளவில்லை. தாமே கிழித்தார்.

அன்றோடு எந்த ஆலையும் உக்கிரபாண்டியைத் தன் மதிலண்டை விடவில்லை. அதற்காக அவன் வருந்தவுமில்லை. ஆயினும் பழி தீர்ந்ததெனக் கொள்ளற்க. பகைவனை வணங்கச் செய்தல் எளிது, உண்மையை ஒப்பச் செய்தல் அரிது. ‘உன் கணவன் குடித்து வீழ்ந்தவன் அல்லன், என் பொறியிற் சிக்கி மாண்டான்’ என்று சௌந்தரபாண்டியன் தம் வாயால் சீனியம்மாளுக்குச் சொல்லவேண்டிய சொல், ஒன்பதாண்டு கடந்தும் கடனாகவே நிற்கின்றது.