நீலகண்டன் அடிக்காத மணி

கட்டிலுக்கு அடியில் உமியைப் பரப்பி ஐஸ் பாளத்தைத் தள்ளிய நீலகண்டன், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுப்புராஜின் முகத்தையே பார்த்து நின்றார்.

"உசுரோட இருந்தப்ப உங்க ஐஸ் கம்பெனியோட மல்லுக்கட்டினான் என் தம்பி. இப்ப உங்க ஐஸ்லயே படுத்திருக்கான்," என்றாள் பேச்சி அத்தை.

"சண்டைக்காரன்தன்னே. ஆனா சண்டை கழிஞ்சா சாயா வாங்கித் தரும், அக்கா," என்றார் நீலகண்டன் மலையாளம் கலந்த தமிழில்.

சுப்புராஜின் மகள் இசக்கிசெல்வி இருவர் பேச்சையும் கேட்கவில்லை. அவள் காது எதிர்ப்புறத்து ஐஸ் கம்பெனியின் இரைச்சலில் இருந்தது. அங்கே பெரிய மோட்டாரை நிறுத்தும் நொடியில் தெருவின் கரண்ட் துள்ளும். அப்பாவின் மைக் செட்டில் இருமுறை கண்ணாடி வால்வுகள் அதில்தான் போயின. பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. மோட்டாரை நிறுத்தும் முன் நீலகண்டன் கம்பெனி வாசலில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அப்பாவோ செல்வியோ ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரை அணைப்பார்கள்.

இன்றும் ஜன்னலடியில் அந்த ஆம்ப்ளிஃபயர்தான் நாதஸ்வர கேசட்டைப் பாடிக்கொண்டிருந்தது. தன் சாவுக்கு வாடகை செட்டு வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். உள்ளே இருப்பவை கடைசி வால்வுகள். இந்த மட்டாஞ்சேரியில் இனி கிடைக்காது.

மதியம் திருப்பூரிலிருந்து வந்த அண்ணன் முத்துவேல் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தான். "பதினாறு முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டிரலாம்."

"நான் ஓட்டிக்கிறேன்ணே," என்றாள் செல்வி.

"நீயா?" அவன் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டான்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா போட்டாள். அத்தை போட்டாள். அடுத்து செல்வி, கைப்பிடியில் அரிசி. வாசலில் பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டே முத்துவேல் யாரிடமோ பேசுவது கேட்டது.

"தூக்குற நேரத்துல மோட்டாரை நிறுத்துறேன்னாரு நீலகண்டன் சேட்டன். ஒரு மரியாதை. சாவுக்கு மணி அடிக்கிறது சரியில்ல, பேசாம நிறுத்திருவேன்னு சொன்னாரு. பாடையைப் பார்த்தா போதுமாம்."

பாடை வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

செல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். யாருடைய காலையோ மிதித்தாள். "அப்பனுக்கு அரிசி போடாம எங்கடி போற?" என்று அத்தை பின்னால் கத்தினாள். ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அவள் அணைத்ததும் நாதஸ்வரம் பாதியில் நின்றது. அதே மூச்சில் மோட்டாரும் நின்றது. அறையின் குண்டு பல்பு வெள்ளையாகப் பொங்கி, மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது.

அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. அப்பாவைச் சுமந்த ஆண்களின் காலடிகள் மட்டும் வாசலைக் கடந்து போயின.

ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் துளைகள் வழியே வால்வுகள் சிவப்பிலிருந்து கருப்புக்கு இறங்குவதை அவள் குனிந்து பார்த்தாள். கட்டிலடியிலிருந்து உமியைச் சுமந்து வந்த ஐஸ் தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டு, சுற்றிக்கொண்டு போனது. ஒரு கை ஆம்ப்ளிஃபயரின் சூட்டின்மேல் இருந்தது. அரிசி இருந்த மற்றக் கையை அவள் இன்னும் விரிக்கவில்லை.