குளிர்பெட்டிக்குப் பூஜை

விஜயதசமி காலையில் ஆய்வகக் கதவைத் திறந்தேன். குளிர்பெட்டியின் இரைச்சலைக் காணோம். அதன் கதவு நிறையச் சந்தனமும் குங்குமமும். உள்ளே என் நாற்பது பாலக்கீரைச் செடிகள். வெப்பமானியில் இருபத்தேழு டிகிரி.

நான்கு டிகிரியில் பதினான்கு நாள் இருக்க வேண்டிய செடிகள். குளிர் பட்டதும் கீரையின் சில ஜீன்கள் பதறி எழும். நாள் போகப்போகப் பெரும்பாலானவை அடங்கிவிடும். அடங்காமல் விழித்திருப்பவை எவை என்பதுதான் என் ஆராய்ச்சி. நேற்று பன்னிரண்டாம் நாள். இந்த வகையில் இருந்த விதையெல்லாம் போட்டாயிற்று. டிசம்பரோடு என் ஆராய்ச்சிக் காலமும் முடிகிறது.

எலக்ட்ரீஷியன் வேம்புலி பொரிப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் அணைத்துப் பொட்டு வைத்தால் மறுநாள்தான் தொடுவார்கள். லேத் பட்டறைக்காரர் மகளான எனக்கு இது தெரியாதா? முந்தாநாள் வேம்புலி எல்லாவற்றுக்கும் பூஜை போடலாமா என்று கேட்டபோது, போனைப் பார்த்தபடி "போடுங்கண்ணே" என்றவள் நான்தான். இந்த வாயில் சூடு வைக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"சார் கேட்டா இன்னா சொல்வீங்க மேடம்? இந்த வேலைய நம்பித்தான் ஊடே கீது."

பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். நான்கு டிகிரிக்கு இறங்கியபோதுதான் அந்தக் கெட்ட யோசனை வந்தது. வெப்பநிலை நோட்டை எழுதுவதும் நான்தானே, நேற்றும் நான்கு டிகிரி என்று எழுதிவிடலாம். மறுபடி குளிர் பட்டதில் அடங்கிய ஜீன்களும் புதிதாகப் பதறும், அடங்காதவை போலவே தெரியும். நாளை இலை பறித்தால் முடிவு பிரமாதமாக வரும். என் வழிகாட்டி கோகுல்நாத் சார் மெச்சுவார். வேம்புலியும் தப்பிப்பார். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அந்தப் பொய்யை நம்பி எந்த ஊரிலோ யாரோ குளிர் தாங்கும் விதை என்று வாங்கி விதைப்பார்களே என்று நினைத்தபோது பயம் வந்தது.

சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். யார் அணைத்தது என்று கேட்டார்.

"நான்தான் சார்."

வேம்புலி தலையைக் குனிந்துகொண்டார்.

விதை மீதி இருக்கிறதா என்றார் சார். இல்லை என்றேன்.

"செடியப் பிடுங்கிடாத பெனிஷா. பூக்க விடு. விதை எடுத்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன்.

"நாலு. அஞ்சும் ஆகலாம்."

ஆரம்பிக்கப்போவது நானில்லை என்று இருவருக்குமே தெரிந்தது. சரி சார் என்று போனை வைத்துவிட்டு, செடி பூக்கட்டும் என்று குளிரை மறுபடி அணைக்கச் சொல்லி வேம்புலியிடம் கை காட்டினேன்.