கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கருவுக்கு ஆகாது என்பதால் விளக்குகளும் மங்கலாகத்தான் எரியும். சென்ட் பூசிக்கொண்டு யாரும் உள்ளே வரக்கூடாது. அந்த வாசனைகூடக் காற்றைக் கெடுத்துவிடும். அங்கே வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் ‘லேப் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, உருவாகும் கருவைத் தாயின் வயிற்றில் வைக்கும்வரை இன்குபேட்டரில் வளர்ப்பது அவள் வேலை. தாயின் உடம்பில் என்ன சூடோ அதே சூடு, அதே ஈரம், அளவான கரியமில வாயு. நூல் பிசகினாலும் போச்சு.

அவளுடைய தம்பி கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பேசக்கூடியவன் என்று பெயரெடுத்தவன். பிரபஞ்சத்தைப் பற்றி அவன் பேசுகிறான் என்றால் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஈர்ப்பு விசை ஒரு துளி கூடியிருந்தால் நட்சத்திரங்கள் அவசர அவசரமாக எரிந்து தீர்ந்திருக்கும், ஒரு துளி குறைந்திருந்தால் பற்றியே இருக்காது, அணுவைக் கட்டி வைத்திருக்கும் விசை இம்மி மாறியிருந்தால் நம் உடம்புக்கு வேண்டிய கார்பனே உண்டாகியிருக்காது என்று அவன் அடுக்கிக்கொண்டே போவான். கடைசியில் யாராவது எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

“அப்ப யாரோ பாத்துப் பாத்துத் திருகி வச்ச மாதிரி இல்லையா சார்?”

“கோடிப் பேரு லாட்டரிச் சீட்டு வாங்கினா ஒருத்தனுக்கு விழத்தானே செய்யும்? விழுந்தவன், இது எனக்காகவே அச்சடிச்ச சீட்டுன்னுதான் சொல்லுவான். நம்ம பிரபஞ்சம் மாதிரி கணக்கில்லாம இருக்கலாம். மத்ததுலயெல்லாம் உயிர் இல்ல. அதனால அங்க கூட்டம் போட்டுக் கேள்வி கேக்க ஆள் இல்ல.”

அரங்கம் சிரிக்கும். வீட்டில் அவன் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். “சோத்துல உப்பு சரியா இருந்தா, யார் சமைச்சாங்கன்னு கேக்கமாட்டீங்களா?” என்பாள்.

“நீ சமைச்ச அன்னிக்கு உப்பு சரியா இருந்தா, அது தற்செயல்தான்னு நான் சத்தியம் பண்ணுவேன்.”

இப்படித்தான் அவர்கள் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது, குழந்தை ஒன்று மட்டும் இல்லாமல். அக்காவின் மையத்திலேயே இரண்டு முறை முயன்று பார்த்தார்கள். இரண்டு முறையும் கரு ஒட்டவில்லை. மூன்றாவது முயற்சிக்கு முன் பெரிய டாக்டர் அம்மா கூப்பிட்டு உட்கார வைத்து, இதற்குமேல் அந்த உடம்பைப் படுத்துவது நியாயமில்லை, முட்டைகளும் தீர்ந்துகொண்டே வருகின்றன, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்.

சொந்தத் தம்பியின் கரு என்பதால் முதல் இரண்டு முறையும் லேப் அக்கா வேலையைச் சக ஊழியரிடம் விட்டிருந்தாள். இந்த முறை தம்பி மனைவி விடவில்லை.

“உங்க கைதான் வேணும் அக்கா. எப்படிப் போனாலும் சரி.”

“எப்படியாவது போயிட்டா அப்புறம் என் முகத்துல முழிக்கணுமேம்மா நீ.”

“முழிக்கிறேன்.”

ஐந்து முட்டை கிடைத்தது. நான்கு கருவாயிற்று. ஒரே தட்டில், ஒரே நீர்மத்தில், பக்கத்தில் பக்கத்தில் நான்கும் கிடந்தன. அடுத்த நாள் ஒன்று வளராமல் அப்படியே நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. அவற்றுக்கும் மிஞ்சியிருந்ததற்கும் சூட்டில் வித்தியாசமில்லை, காற்றில் வித்தியாசமில்லை, கவனத்தில் வித்தியாசமில்லை. இதை அவள் தன் உத்தியோகத்தில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கேட்கிறவர்களிடம், “கரு பலவீனமா இருந்திருக்கும்” என்று சொல்லி அனுப்புவாள். அது பதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மிஞ்சிய ஒன்று எட்டு உயிரணுக்களாகப் பிரிந்து, வட்ட வட்டமாக அழகாக இருந்தது.

தம்பி கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மையத்தின் நடைக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவள் சாப்பிட வெளியே வந்தபோதெல்லாம் எழுந்து நின்றான்.

“இப்ப பாத்தியாக்கா? எப்படி இருக்கு?”

“சும்மா சும்மா பாக்கக் கூடாதுடா. கதவைத் திறந்தாலே சூடு இறங்கும். பாக்காம இருக்கறதுதான் இப்ப அதுக்கு நான் செய்யக்கூடிய உபகாரம்.”

“ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கலாமா? இல்ல குறைச்சு?”

“எதைத் திருகினா சரியாகும்னு தெரிஞ்சா திருகாம இருப்பேனாடா?”

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கோடி ஒளியாண்டுத் தூரத்தைச் சாதாரணமாகப் பேசுகிற வாய், “நல்லா வரும்னு சொல்லேன்” என்று சின்னப் பையனைப் போல் கெஞ்சியது. அவள் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அவன் அன்று நம்பியிருப்பான்.

கருவை வயிற்றில் வைக்க வேண்டிய நாள் காலையில் அவள் தட்டை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். பந்துபோல் உப்பியிருக்க வேண்டியது கடைசியாகப் பார்த்த நிலையிலேயே இருந்தது. ஓரங்கள் கறுத்து, உயிரணுக்கள் நொறுங்கத் தொடங்கியிருந்தன. சில கரு மெதுவாக வளரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்ப உள்ளே வைத்தாள். அளவுகளைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். உலகத்தில் அந்த உயிருக்கு வேண்டிய எல்லாமே அந்தக் கைகளின் வசம்தான் இருந்தன. அந்தக் கைகளுக்கு அப்போது செய்ய ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, கரு நின்றுபோய்விட்டதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆலோசனை அறையில் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி எழுந்துவிட்டான்.

“எங்கயோ தப்பு நடந்திருக்கு. மெஷின்ல ஏதோ கோளாறு. இல்ல, நீ எப்பவோ கதவைச் சரியா சாத்தல. பதிவைக் காட்டு, நான் பாக்கணும்.”

பெரிய டாக்டர் அம்மா சமாதானம் சொல்ல வந்தார். “அவன் பாக்கட்டும் மேடம்” என்று லேப் அக்கா கணினித் திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். சூட்டின் கோடு, வாயுவின் கோடு, ஈரத்தின் கோடு. முதல் நாளிலிருந்து அன்றுவரை மூன்றும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடின. அவள் கதவைத் திறந்த இடங்களில் மட்டும் சின்னப் பள்ளம் விழுந்து, உடனே ஏறியிருந்தது. அவன் குனிந்து முன்னும் பின்னுமாகத் தேடினான். ஒரு பிசகாவது கிடைத்துவிடாதா என்று தேடினான். கிடைத்திருந்தால் அக்காவை வெறுத்திருக்கலாம். வெறுப்பதற்காவது ஒரு ஆள் இருந்திருக்கும்.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றான். குரல் உடைந்துவிட்டது. “எல்லாம் சரியா இருந்தும் ஏன்க்கா?”

தற்செயல்னு நீதானேடா சொல்லுவே என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

தம்பி மனைவிதான் அப்போது கண்ணைத் திறந்து கேட்டாள். “அக்கா, அது நின்னுபோச்சுன்னு தெரிஞ்சப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?”

“இருந்தேன்மா.”

“ஒண்ணும் பண்ண முடியலையா?”

“முடியல. எல்லாத்தையும் சரியா வச்சிருந்தேன். அதுக்குமேல எனக்குத் தெரியல.”

தம்பி மனைவி லேப் அக்காவின் கைகளையே பார்த்தாள்.

“மேல ஒருத்தர் இருக்காருன்னா, அவரும் உங்கள மாதிரிதானோ என்னவோ. எல்லாத்தையும் அளந்து வச்சுட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டிருக்காரு. உயிரு நிக்கிறதும் போறதும் அவர் கையிலயும் இல்லையோ என்னவோ. இத்தனை வருஷமா அவரைத் திட்டிட்டே இருந்தேன்க்கா.”

“அப்படி ஒருத்தர் எதுக்குடி?” என்றான் கணவன் முகத்தைத் துடைக்காமலே. “ஒண்ணும் செய்ய முடியாதவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

“அக்கா பக்கத்துலயே இருந்தாங்கல்ல. அது போதலையா உங்களுக்கு?”

“போதல.”

அவள் தனக்கும் போதவில்லை என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, அந்தக் கருவைப் பார்க்க வேண்டும் என்றாள். நோயாளிகளை உள்ளே விடும் வழக்கமில்லை. பெரிய டாக்டர் அம்மா தடுக்காமல் வெளியே போய்விட்டார். லேப் அக்கா அவளுக்கு மேலங்கி மாட்டி, கூந்தலைத் தொப்பிக்குள் செருகி உள்ளே அழைத்துப் போனாள். தம்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். தினமும் லென்ஸ்களோடு பழகியவள் என்பதால் யாரும் சொல்லித்தராமல் அவளே திருகைத் திருப்பிப் பார்வையைச் சரிசெய்துகொண்டாள்.

“இவ்வளவுதானா?” என்றாள் மெதுவாக. “இவ்வளவு சின்னதா?”

குனிந்த தலையை வெகுநேரம் எடுக்கவில்லை. லேப் அக்கா அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள். முதுகு குலுங்கியது. சத்தம் வரவில்லை.

வெளியே வந்தபோது தம்பி நடைக்கூடத்தில் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். சாவியை மனைவியிடம் நீட்டினான். “என்னால ஓட்ட முடியாது.”

“நீங்களும் வாங்கக்கா,” என்றாள் அவள்.

லேப் அக்கா அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கார் தெருவுக்கு வந்ததும் அவன் அவள் தோளில் சாய்ந்தான். கோபம் தீர்ந்து சாய்ந்தானா, சாய வேறு இடமில்லாமல் சாய்ந்தானா என்று அவளுக்குப் புரியவில்லை. அதன்பிறகு பல மாதம் அவன் அவளோடு சரியாகப் பேசவில்லை. அன்று மட்டும் சாய்ந்திருந்தான். மழை தூறத் தொடங்கியது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவள் வைப்பரைப் போடத் தேடி, முதலில் வேறெதையோ தட்டி, பிறகு கண்டுபிடித்தாள்.

“ஏதாவது சொல்லேன்க்கா,” என்றான் தம்பி.

அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள்.