நாலு மணிக்கு ஆள் வேணும்

நகவெட்டியை எடுத்துக்கொண்டு, அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டிலருகே மகள் உட்கார்ந்ததும் அப்பாவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"வலது கையை விட்டுடும்மா. கிடாருக்காக வளத்து வச்சிருக்கா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது அவர் காதிலும் அப்போதுதான் விழுந்தது. மகள் இடது கையை மட்டும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மா வெட்டிக்கொள்வதைப் போலவே ஐந்து விரல்களிலும் சதையோடு ஒட்ட வெட்டிவிட்டாள். தந்தி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன.

அவர் மனைவி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. நேற்று மத்தியானம் முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மூடியைத் தானே விலக்கி, "நாலு மணி" என்றாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ரெண்டரைதாம்மா ஆகுது" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வண்டியைத் தப்பான தெருவில் திருப்பினால் காட்டுவாளே, அதே முகம். நாலு மணியை அவள் பார்க்கவில்லை. மூன்று இருபதுக்கு முடிந்துவிட்டது. அந்த 'நாலு மணி' எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை.

அவர் முப்பத்தொரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். விடுப்பு நாளிலும், ஓய்வு பெற்ற பிறகும், அவளுடைய வாத்தியப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டினார். வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'டிரைவர் சார்'தான். பாட்டு விஷயத்தில் அவருக்குக் காது சுத்தமாகக் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டிருக்கிறார். "தூங்கினதுகூடப் பரவாயில்ல, குறட்டை சுருதி சேரல" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவர் வேனிலேயே இருந்துவிடுவார்.

சாப்பாட்டு மேசையில் மகள் கணினியைத் திறந்து வைத்து மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே மச்சான் உட்கார்ந்திருந்தார். இறந்துபோனவளின் அண்ணன். இசைக் கல்லூரியில் வயலின் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்க வீட்டுக்கும் சட்டைக் கழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பேருக்குக் கீழ என்ன மாமா போடறது?"

"வயலின் கலைஞர்னு போடு. பதினேழு வயசுல தங்கப் பதக்கம் வாங்கினா. அதையும் போடு."

"அதுக்கப்புறம் நாப்பத்தஞ்சு வருஷம் இருக்கே மாமா?"

"அதுக்கப்புறம் எதைன்னு போடறது? கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனா. கேட்டதையெல்லாம் வாசிச்சா." அவர் குரலில் கோபம் இல்லை. பழைய ஆதங்கம்தான். "ஒண்ணுலயே நின்னிருந்தா எங்கயோ போயிருப்பா."

தங்கை மேல் உயிரை வைத்திருந்த மனுஷன். வருஷா வருஷம் அவள் பிறந்த நாளுக்கு ஒரு செட் வயலின் தந்தி தவறாமல் வந்துவிடும், அதுவும் கடையிலேயே உசத்தியானது. அவள் அதை மாட்டிக்கொண்டு கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போய்விடுவாள். அங்கேயெல்லாம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அவள் எப்படி ஆரம்பித்தாள் என்று டிரைவருக்குத்தான் தெரியும். நாடகக் குழுவில் ஒருவர், "மேண்டலின் வாசிக்க வருமா?" என்று கேட்டார். "வரும்" என்றாள். அதுவரை மேண்டலினைக் கையால் தொட்டதில்லை. வெளியே வந்து வேனில் ஏறினதும், "நேரா வாத்தியக் கடைக்கு விடுங்க" என்றாள். எட்டு நாள் இருந்தது. "வயலினுக்குள்ள அதே நாலு சுருதிதாங்க, வில்லுக்குப் பதிலா விரல்" என்று சொல்லிக்கொண்டு சமையலறையிலும் குளியலறை வாசலிலும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் மேடை ஏறினாள். அப்படித்தான் அக்கார்டியன் வந்தது, பேஸ் கிடார் வந்தது, பியானோ திரும்ப வந்தது. "வரும்னு சொல்லிட்டா வந்துடும்" என்பாள்.

கடைசியில் மகள் பெயரையும் அடக்க நேரத்தையும் மட்டும் போட்டு அனுப்பிவிட்டாள்.

ஒன்பது மணியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் குழுவின் தலைவர் தேம்பித் தேம்பி அழுதார். "எங்க பேஸ் போச்சே சார்." முதியோர் இல்லத்து நர்ஸ், "அக்கார்டியன் அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். வானொலி நாடகக்காரர் ஒருவர், தகரத்தை ஆட்டி அவள் உண்டாக்கும் இடியைப் பற்றிச் சொன்னார். "அவங்க இடி இடிச்சா, கேக்கறவங்க துணி எடுக்க மாடிக்கு ஓடுவாங்க." சாவு வீடு என்பதையும் மறந்து நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கோரஸ் பாடும் பெண்கள் மூன்று பேர், அவளும் தங்களைப் போலக் கோரஸ் மட்டும்தான் என்று அதுநாள்வரை நினைத்திருந்தார்கள். பேஸ் என்று கேட்டதும், "அவங்களா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சான் சுவரோரமாக நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். யார் வந்து பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்தார்.

அடக்கம் முடிந்து வீடு திரும்ப ஒன்றரை ஆனது. வாசலில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகளுக்கான நடனப் பள்ளி நடத்துகிறவள். அவளுடைய வகுப்புக்குத்தான் மனைவி சனிக்கிழமைதோறும் பியானோ வாசித்தாள்.

"டிரைவர் சார், இதைக் கேக்கற நேரம் இல்லதான். எனக்கே நாக்கு கூசுது. இன்னிக்குப் பிள்ளைங்களுக்குத் தேர்வு. தேர்வாளர் வெளியூர்லேருந்து வந்துட்டாங்க. பியானோவுக்கு யாராவது..."

"நாலு மணிக்கா?"

"ஆமா சார். எப்படித் தெரியும்?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நேற்றிலிருந்து நெஞ்சைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. மனைவி நேரம் கேட்கவில்லை. வேலை சொல்லியிருக்கிறாள். போக முடியாவிட்டால் ஆள் அனுப்பாமல் அவள் இருந்ததே இல்லை. பிரசவ வலி எடுத்தபோதுகூட ஒருத்தருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினாள்.

"நீங்க போங்கம்மா. ஆள் வரும்."

மனைவியின் தொலைபேசிக் குறிப்பேட்டை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வேலையில்லாமல் இருக்கிற வாத்தியக்காரர் யார்? அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட அங்கிருந்தே அவரவர் மேடைக்கு ஓடிவிட்டார்கள். ஏழாவது எண்ணும் கைவிரித்தது.

"பியானோதானே?" என்று பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்... சின்னப் பிள்ளைங்க வகுப்பு."

"சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டதுதான் மாப்ள. அப்புறம் நான் விட்டுட்டேன்." சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். "வண்டியை எடுங்க."

மகள் மாமாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வேனில் மனைவி உட்காரும் இடத்தில் மச்சான் உட்கார்ந்தார். வழி நெடுக மடியில் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியதும் டிரைவர் வழக்கம்போல உள்ளேயே இருந்தார். மச்சான் இறங்கி நாலு எட்டு நடந்து, திரும்பிப் பார்த்தார்.

"தனியா போகச் சொல்றீங்களா?"

அவரும் இறங்கினார்.

நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. பன்னிரண்டு குழந்தைகள் வெள்ளைக் காலுறையோடு சுவரை ஒட்டி நின்றார்கள். தேர்வாளர் மேசையில் தாள்களை அடுக்கி வைத்திருந்தார். டிரைவர் பியானோவுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பியானோமேல் அவளுடைய நோட்டுப் புத்தகம் திறந்தே இருந்தது. மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அச்சடித்த சுரங்களுக்கு மேலே பென்சிலில் பொடிப் பொடியாக எழுதியிருந்தாள். டிரைவருக்குச் சுரம் படிக்கத் தெரியாது, பென்சில் எழுத்து தெரிந்தது. 'சிவப்பு ரிப்பன் பயப்படும். அவளைப் பார்த்துச் சிரிச்சிட்டு ஆரம்பி.' 'மூணாவது வரிசை மூச்சு வாங்கும், இங்க கொஞ்சம் இழு.' 'இந்த இடத்தில் குட்டையன் கால் மாத்தி வைப்பான். காத்திரு.'

மச்சான் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்திலும் அப்படித்தான். அதற்கடுத்த பக்கத்திலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றாள் நடன ஆசிரியை.

அவர் ஆரம்பித்தார். தப்பில்லாமல், நிமிர்ந்து, கல்லூரி மேடையில் வாசிக்கிற மாதிரி வாசித்தார். குழந்தைகள் அரக்கப் பரக்க ஓடினார்கள். ஆசிரியை பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"சார், கொஞ்சம் மெதுவா. பிள்ளைங்களுக்குக் கால் சின்னது."

நாற்பது வருஷம் மற்றவர்களுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தவர். "சரிம்மா" என்றார்.

மறுபடி ஆரம்பிப்பதற்கு முன் தலையைத் திருப்பித் தேடினார். இரண்டாவது வரிசை ஓரத்தில் சிவப்பு ரிப்பன் நின்றது. அதைப் பார்த்து, பழக்கமில்லாத ஒரு சிரிப்பைச் சிரித்தார். அந்தக் குழந்தை திகைத்துப்போய்ப் பதிலுக்குச் சிரித்தது.

இந்த முறை மெதுவாகப் போனது. மூன்றாவது வரிசை மூச்சு வாங்கிய இடத்தில் கொஞ்சம் இழுபட்டது. பக்கத்தின் கீழ்ப்பாதியில், எல்லாரையும்விடக் குட்டையாக இருந்த பையன் வலது காலுக்குப் பதில் இடது காலை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். மச்சானின் விரல் ஒரே கட்டைமேல் நின்றது. கூடத்தில் அந்த ஒரு சத்தம் மட்டும் நீண்டது. பையன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான், ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்தான், நிமிர்ந்தான்.

அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த கட்டையைத் தொட்டார்.