ஒன்றரை மணி பேக்கப்

மூன்றாவது முறையாக லாக் கோப்புகள் காணாமல் போயிருந்தன. சர்வர்காரர் காலையில் எண்ணி நோட்டில் குறித்தது நாற்பத்தொன்று. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றே ஒன்று அனாதையாகக் கிடந்தது.

ஆஸ்பத்திரி ஊழியர் அத்தனை பேரின் பெயரும் கடவுச்சொல்லும், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதும் அவர் பார்த்துக்கொள்ளும் டைரக்டரி சர்வரில்தான். யார் எதை மாற்றினாலும் லாகில் பதிவாகும். அந்தப் பதிவே போனால் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? "இன்னொரு தடவை போச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்று மேலாளர் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு வருவார்.

அறைக்கு இரண்டே சாவி. மற்றது மச்சானிடம்: மனைவியின் தம்பி, இவரே கெஞ்சிக் கூத்தாடி வேலைக்குச் சேர்த்தவன். மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். முகம் கொடுத்தும் பேசுவதில்லை.

ஆனால் திருடன் அந்தக் கடைசிக் கோப்பை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? முழு பேக்கப் முடிந்தால்தான் சர்வர் தானாகவே கடைசி ஒன்றை விட்டுவிட்டுப் பழைய லாகுகளை இப்படிக் கழிக்கும். அவருடைய பேக்கப் ஓடுவதோ மாலை ஆறுக்கு. பட்டியலைத் திறந்தார். ஒன்றரை மணிக்கு ஒன்று, எடுத்தவன் மச்சான்.

ஆஸ்பத்திரியையே சுருட்டி எங்கே கொண்டுபோகிறான்?

மச்சான் உள்ளே வந்ததும் கேட்டார்: "யாருக்கு விக்கிறே மாப்ளே?"

"விக்கிறதா!" மச்சான் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தான். "உங்க பேக்கப்பை என்னிக்காவது திறந்து பாத்திருக்கீங்களா மாமா?"

"தினம் பச்சை டிக் வருதே."

"டிக் வருது. போன வாரம் சோதனை மிஷின்ல ஏத்தினேன். பாதியிலயே நின்னுடுச்சு. அதான் மத்தியானத்துல நானே தனியா ஒண்ணு எடுக்கிறேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேக்கிற ஆளா நீங்க? மேலே சொன்னா அக்கா என்னை வீட்டுப்பக்கமே சேர்க்கமாட்டா."

சர்வர்காரர் நம்பவில்லை. நேற்றைய பேக்கப்பைத் தானே ஏற்றினார். நாற்பத்தெட்டு விழுக்காட்டில் நின்றது. மறுபடி ஏற்றினார். நின்றது. நோட்டு முழுக்க 'சரி, சரி' என்று அவர் கையெழுத்து.

பிறகு டிஸ்க்கைப் பார்த்தார். "உன்னோடதைத் திறந்து பாத்தியா?"

மச்சான் தலையைச் சொறிந்தான்.

அந்த டிஸ்க்கை ஏற்றிவிட்டு இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். நாற்பத்தெட்டு வந்தது. ஐம்பது. எண்பது. நூறு.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். சர்வர்காரர் இன்றைய தேதியில் எழுதினார்: 'லாக் திருடு போகவில்லை. என் பேக்கப் திறக்கவில்லை. மச்சான் எடுத்தது திறந்தது.' மேலாளர் கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டி, அதன்மேல் சாவியையும் வைத்தார்.

மேலாளர் சாவியைத் தள்ளிவிட்டு இரண்டு முறை படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கே, நான் பாக்க இன்னொரு தடவை திறங்க."